பிள்ளைகளின் கண் எங்கள் வாயில் இருக்கக் கூடாது: கொழும்பில் ஹேண்ட்போல் பழக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் என்னோடு பணியாற்றும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், பாடசாலை அணிகளைப் பழக்கும் பயிற்றுநர்களுக்கும், வலய மட்டத்தில் விளையாட்டைக் கவனிக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

நான் கொழும்பு வடக்கில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி கற்பிக்கிறேன். பதினோரு வருடமாகப் பெண் பிள்ளைகளுக்கு ஹேண்ட்போல் பழக்கி வருகிறேன். கைப்பந்து என்று எழுதலாம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் கரப்பந்தாட்டத்தை நினைக்கிறார்கள். நான் சொல்வது பந்தைக் கையால் கொடுத்தும் எறிந்தும் கோல் போடும் ஆட்டத்தை. பிள்ளைகளின் வாயில் வருவது ஹேண்ட்போல்தான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

என்னை இந்த மடல் எழுத வைத்தது வெறும் மூன்று செக்கன்.

போன வருடம் 16 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்று. இரண்டாம் பாதி. ஒரு கோல் பின்னுக்கு நிற்கிறோம். இடது விங்கில், அதாவது திடலின் இடது ஓரத்தில், நின்ற எங்கள் பிள்ளைக்குப் பந்து வந்தது. அவளை மறிக்க வேண்டியவள் கால் தடுமாறி ஒதுங்கிப் போய்விட்டாள். கோலுக்கு முன்னால் ஆறு மீற்றர் கோட்டில் எங்கள் பிவட், அதாவது அந்தக் கோட்டோடு நின்று விளையாடுபவள், கையை நீட்டிக்கொண்டு தனியாக நிற்கிறாள். மூலைப் பக்கமாகப் பாய்ந்து எறியவும் வழி இருக்கிறது. அந்தப் பிள்ளை பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். கோலை அவள் பார்க்கவில்லை, பிவட்டையும் பார்க்கவில்லை. அவளுடைய கண் என் வாயில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நடுவரின் விசில் கேட்டது. பந்து மற்ற அணிக்குப் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன், ஏன் மகள் எறியவில்லை என்று. "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் டீச்சர்" என்றாள். அழவில்லை, சாட்டும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவளை ஏசுவதற்கு என்று மனதில் அடுக்கி வைத்திருந்த சொல் ஒன்றுகூட வெளியே வரவில்லை. நான் பழக்கியதைத்தான் அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

எப்படிப் பழக்கினேன் என்று சொல்கிறேன். உங்களில் பலர் பழக்குவதும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். முதலில் இரண்டு வரிசை. எதிரெதிரே நின்று தோள் பாஸ் இருபது தரம். பிறகு கோன்களைச் சுற்றி ஓடி வந்து, தடுக்க ஒருவரும் இல்லாத கோலுக்கு ஜம்ப் ஷொட். கடைசிப் பத்து நிமிடம் ஆட்டம். அந்தப் பத்து நிமிடமும் என் தொண்டைதான் விளையாடும். "பாஸ் குடு! வெட்டி ஓடு! எறி! எறி!" இந்தப் பயிற்சியில் பிள்ளையின் தோளும் காலும் நன்றாகத் தேறும். ஆனால் யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, கொடுப்பதா எறிவதா என்ற மூன்றையும் நானே முடிவு செய்துவிட்டேன். பிள்ளைக்கு மிச்சம் இருப்பது கை வேலை மட்டும். அந்த இடது விங் பிள்ளையின் தோள் பாஸ் இன்றைக்கும் எங்கள் அணியிலேயே அழகானது.

ஹேண்ட்போல் இப்படிப் பழக்குவதற்குத் தோதான விளையாட்டே அல்ல. 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட திடலில் ஒரு பக்கம் ஏழு பேர். பந்தை வைத்துக்கொண்டு மூன்று அடி வைக்கலாம், மூன்று செக்கன் வைத்திருக்கலாம். அவ்வளவுதான். கோல் போட முயலாமல் பந்தைச் சுற்றிக்கொண்டே இருந்தால் நடுவர் கையை உயர்த்தி எச்சரிப்பார். முன்பு அதற்குப் பிறகு ஆறு பாஸ் வரை இடமிருந்தது. 2022 இல் அதை நான்காகக் குறைத்துவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் நான் நிலைமையைப் பார்த்து, யோசித்து, கத்தி, அந்தச் சத்தம் பிள்ளையின் காதில் விழுந்து, அவள் அதைப் புரிந்துகொள்ளும்போது மூன்று செக்கனும் முடிந்திருக்கும். திடலுக்குள் நிற்பவளே பார்த்து, அவளே முடிவெடுத்தால்தான் உண்டு.

இனி நாங்கள் எல்லோரும் கல்வியியற் கல்லூரியில் படித்துப் பரீட்சையிலும் எழுதிய ஒரு விடயத்துக்கு வருகிறேன். கட்டுருவாக்கவாதம். அறிவு ஆசிரியரின் தலையிலிருந்து மாணவரின் தலைக்கு ஊற்றப்படுவதில்லை. பிள்ளை தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்து, செய்து பார்த்து, பிழை விட்டு, மற்றவர்களோடு பேசித் தானே அதைக் கட்டிக்கொள்கிறது. உளவியலாளர் பியாஜே சொன்ன தன்மயமாக்கலும் (புதியதைத் தெரிந்ததோடு சேர்ப்பது) தன்னமைவாக்கலும் (புதியதற்கேற்பத் தெரிந்ததை மாற்றுவது), வைகோட்ஸ்கியின் அண்மை விருத்தி வலயமும் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வலயம் சொல்வது இதுதான்: தனியாகச் செய்ய முடியாததைப் பிள்ளை கொஞ்சம் உதவியோடு செய்யும். அந்த உதவியைக் கட்டடத்துக்குச் சாரக்கட்டுப் போடுவதுபோலப் போட்டு, சுவர் எழும்பியதும் கழற்றிவிட வேண்டும் என்றார்கள் புரூனரும் அவரோடு வேலை செய்தவர்களும். 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்குதல், மதிப்பிடுதல் என்ற ஐந்து படிகளையும் கற்றோம். விஞ்ஞான பாடத்திலும் கணித பாடத்திலும் அது ஓரளவுக்காவது நடந்தது. மைதானத்தின் வாசலில் நாங்கள் அதைச் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டோம்.

விளையாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். 1982 இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் பங்கரும் ரொட் தோர்ப்பும் எங்களுடைய வழக்கமான வரிசையைத் தலைகீழாகப் போட்டார்கள். முதலில் பிள்ளையின் வயதுக்கேற்பச் சுருக்கிய ஆட்டம். ஆட்டத்துக்குள் ஒரு சிக்கல். 'என்ன செய்வது' என்ற கேள்வி பிள்ளைக்கு எழுந்த பிறகுதான் 'எப்படிச் செய்வது' என்ற நுட்பம். விளங்கிக்கொள்வதற்காக விளையாட்டைக் கற்பித்தல் என்று அதைச் சொல்கிறார்கள். நான் செய்து பார்த்தது இதைத்தான். ஒரு வருடம் செய்தேன். அதில் கண்டதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

முதலில் இடம். 40க்கு 20 திடல் எங்களிடம் இல்லை, உங்களில் பெரும்பாலானோரிடமும் இருக்காது. இருப்பது சீமெந்தில் கோடு போட்ட வலைப்பந்தாட்டத் திடல். கோல் வளையத்தின் கீழே இருக்கும் அரைவட்டத்தைப் பாருங்கள். அதன் ஆரை 4.9 மீற்றர். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே அருமையான கோல் பரப்பு, அதாவது காப்பாளர் மட்டும் நிற்கும் இடம். கோட்டுக்குப் பின்னால் இரண்டு கோனை வைத்துக் காப்பாளரை நிறுத்தினால் ஆட்டம் தொடங்கிவிடலாம். இரண்டு கோடியிலும் இரண்டு அரைவட்டம் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் விளையாடலாம்.

மூன்று பேர் தாக்க, இரண்டு பேர் தடுக்க வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. வேறு விதி இல்லை. அதைச் சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அதுதான்.

முதல் ஆறேழு தரம் ஒரே கதை. நடுவில் நிற்பவள் பந்தை வாங்குவாள், நேரே ஓடுவாள், தடுப்பவர்கள் இருவரும் அவள் மேலே வருவார்கள், அவர்களின் தலைக்கு மேலால் எறிவாள், பந்து கையில் பட்டுத் திரும்பி வரும். நான் விசிலை ஒரு தரம் ஊதினேன். "அப்படியே நில்லுங்க. ஒருத்தரும் அசையக் கூடாது. சுத்திப் பாருங்க. டிபென்ஸ் ரெண்டு பேரும் எங்க?"

"என்கிட்ட டீச்சர்."

"அப்ப மத்த ரெண்டு பேர்கிட்ட?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒருத்தரும் இல்ல."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. விளையாடச் சொன்னேன். அடுத்த தரம் நடுவில் நின்றவள் பந்து கைக்கு வந்த உடனேயே பக்கத்தில் கொடுத்துவிட்டாள். தடுப்பவள் சாவகாசமாக இரண்டு அடி நகர்ந்து அங்கேயும் போய் நின்றாள். மறுபடியும் வழி அடைபட்டது. இப்போது பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். "நீ முந்தியே குடுத்துட்டே, அவ திரும்பிப் போயிட்டா." "அப்ப எப்ப குடுக்கிறது?" "அவ உன்கிட்ட வார வரைக்கும் வச்சிரு. வந்த பொறகு குடு."

அந்த வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இருவரைத் தன்பால் இழுத்து ஒருவரை விடுவிப்பது என்று எத்தனையோ தவணையாகக் கரும்பலகையில் வட்டமும் பெருக்கல் குறியும் போட்டு நான் விளக்கியது இதைத்தான். பிள்ளைகள் கொப்பியில் அழகாக வரைந்துகொண்டார்கள். திடலில் ஒரு நாளும் செய்யவில்லை. அன்று இருபது நிமிடத்தில் தாங்களே பிழை விட்டு, தாங்களே கண்டுபிடித்ததை இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு ஒரு கேள்வி மட்டும் போட்டேன். "யாரப் பாத்து ஓடினா ரெண்டு பேரும் வருவாங்க?" அணியிலேயே சின்னவள், தரம் 8 பிள்ளை, பின்னால் நின்று சொன்னாள்: "ஒருத்தரப் பாத்தும் ஓடக் கூடாது டீச்சர். ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடணும். அப்ப யாருட ஆள்ன்னு அவங்களுக்கே தெரியாது." ஹேண்ட்போல் தாக்குதலின் அரிச்சுவடியே அதுதான். தடுப்பவரை நோக்கி ஓடாதே, இடைவெளியை நோக்கி ஓடு. தடுத்தவர்களும் சும்மா இருக்கவில்லை. அடுத்த சுற்றில் "என்ட ஆள்!" "ஒன்ட ஆள்!" என்று ஒருவருக்கொருவர் கத்தத் தொடங்கினார்கள். தடுப்பில் பேசுங்கள் பேசுங்கள் என்று நான் ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். பேச வேண்டிய தேவை வந்தபோதுதான் பேசினார்கள்.

அன்றைய பாடம் முடியும்போது ஒரு பிள்ளை வந்து கேட்டாள்: "டீச்சர், கிட்டவே டிபென்ஸ் நிக்கிறப்ப கையத் தூக்கிப் பின்னால கொண்டுபோக நேரம் இல்ல. வேற மாதிரிக் குடுக்க ஏலுமா?" மணிக்கட்டுப் பாஸை அந்த நிமிடத்தில் பழக்கினேன். வேண்டும் என்று கேட்டு வாங்கிய நுட்பம் என்பதால் இரண்டு நாளில் படிந்தது. முன்பு அதே பாஸை வரிசையில் நிறுத்திப் பழக்க ஒரு தவணை எடுத்திருந்தேன்.

பிள்ளைகள் வெறும் தலையோடு மைதானத்துக்கு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பெண் பிள்ளைகள் அநேகமாக வலைப்பந்தாட்டத்திலிருந்து வருகிறார்கள். அந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்தால் கால் நின்றுவிட வேண்டும். தடுப்பவர் 0.9 மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். உடம்போடு உடம்பு படக் கூடாது. ஹேண்ட்போலில் பந்தோடு மூன்று அடி ஓடலாம், தடுப்பவர் மடித்த கையாலும் உடம்பாலும் நெருங்கி மறிக்கலாம். அதனால் பந்து கைக்கு வந்ததும் பிள்ளை மரம்போல நின்றுவிடும். நான் முன்பெல்லாம் "இது நெட்போல் இல்ல, அதை மறந்திரு" என்று கத்துவேன். எவ்வளவு பிழையான பேச்சு. மூன்று செக்கனுக்குள் பந்தைக் கொடுப்பது அந்த ஆட்டத்திலும் விதிதான். பந்தைத் தட்டாமல் கொடுத்துக் கொடுத்தே முன்னேறுவதும், பந்து இல்லாதவள் ஓடி இடம் பிடிப்பதும் அவர்களுடைய இரத்தத்தில் இருக்கிறது. கூடைப்பந்து விளையாடிவிட்டு வரும் ஆண் பிள்ளைகள் பந்தைத் தட்டித் தட்டியே காலத்தைப் போக்கும்போது, எங்கள் வலைப்பந்துப் பிள்ளைகள் நாலு பாஸில் கோல் முன்னால் நிற்பார்கள். இப்போது நான் கேட்பது இரண்டு கேள்வி. நெட்போலில் இருந்து எதை இங்கே கொண்டு வரலாம்? எதை அங்கேயே விட வேண்டும்? பிள்ளைகளே பட்டியல் போட்டார்கள். "கால் நிக்கிறத விடணும்" என்பது அவர்கள் வாயால் வந்த பிறகு, மூன்று அடியை நான் நினைவூட்ட வேண்டியே வரவில்லை.

மட்டக்குளியிலிருந்து வரும் ஒரு தரம் 9 பிள்ளை பற்றி எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. எறிதலில் மிகவும் பலவீனம். அணியில் இருக்கிறாளே தவிரப் பந்து அவளுக்குப் போகாது. பிவட்டாக நிறுத்தினோம். பக்கத்தில் நிற்கும் தடுப்பவளின் வழியில் உடம்பை வைத்து, பின்னால் ஓடி வரும் தன் அணிப் பிள்ளைக்கு வழி திறந்துவிடுவது பிவட்டின் பெரிய வேலை. உடம்பால் மறிக்கலாம், கையால் பிடிக்கவோ தள்ளவோ கூடாது. நான் இரண்டு தரம் காட்டினேன், யாருக்கும் பிடிபடவில்லை. இந்தப் பிள்ளை சொன்னாள்: "டீச்சர், காலைல பஸ்ல அம்மா செய்யிறதுதானே." எல்லோரும் அவளைப் பார்த்தோம். நெரிசல் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வரும்போது அம்மா கையை மேலே கம்பியில் பிடித்துக்கொண்டு, முதுகைத் திருப்பிக் காலை அகட்டி ஊன்றி நிற்பாளாம். யாரையும் தள்ள மாட்டாள். அம்மாவின் முதுகுக்கும் சீற்றுக்கும் இடையில் கிடைக்கும் சந்தில் தம்பியும் தானும் வாசலுக்குப் போய்விடுவார்களாம். எழும்பி நின்று செய்து காட்டினாள். கால் அகட்டல், முழங்கால் மடிப்பு, முதுகு திருப்பல் எல்லாம் இருந்தது, நான் காட்டியதைவிடச் சுத்தமாக.

அந்த நகர்வுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'பஸ் கதவு'. இன்றைக்கும் ஆட்டத்தில் "கதவு! கதவு!" என்று கத்துகிறார்கள். எதிரணிக்கு விளங்காதது இலாபம், ஆனால் நான் சொல்ல வருவது வேறு. பயிற்சிக் குறிப்புகள் எங்களுக்கு ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் வருகின்றன. அவற்றிலுள்ள சொற்களை அப்படியே பிள்ளைகள் மேல் எறிகிறோம். பிள்ளை யோசிப்பது தமிழில், அதுவும் தன் வீட்டுத் தமிழில். தானே பெயர் வைத்த ஒன்றைத்தான் நெருக்கடியில் ஞாபகம் வைத்திருக்கும். அந்தப் பிள்ளை இப்போது அணியில் நிரந்தரப் பிவட். எறிதல் இன்னும் சுமார்தான். ஆட்டத்தை வாசிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எங்கள் பழைய பயிற்சி முறையில் அவள் மூன்றாம் மாதமே வீட்டுக்குப் போயிருப்பாள்.

தடுப்பிலும் இப்படி ஒன்று நடந்தது. எங்கள் பிள்ளைகள் எப்போதும் ஆறு பேரும் கோட்டோடு கோடாக நிற்பார்கள். பயிற்சி ஆட்டம் ஒன்றில் எதிரணியின் நடு ஆட்டக்காரி எல்லாப் பந்தையும் தானே பங்கிட்டுக்கொண்டிருந்தாள். இடைவேளையில் ஒருத்தி, "அவளுக்குப் பந்து போகாம ஒருத்தி முன்னால போய் நிண்டா என்ன?" என்றாள். செய்தார்கள். ஐவர் கோட்டில், ஒருத்தி முன்னால்: 5-1 தடுப்பு அது. நான் பெயர் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் எதிரணிப் பிவட் முன்னால் போனவளின் பின்பக்கக் காலியிடத்தில் பந்து வாங்கி இரண்டு கோல் போட்டுவிட்டாள். உடனே இவர்களுக்கு அடுத்த பிரச்சினை. அதற்கும் தீர்வு தேடினார்கள். அன்று மாலைதான் 6-0, 5-1, 3-2-1 என்ற பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொன்றின் பலமும் ஓட்டையும் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பெயர் மட்டும்தான் புதிது.

எங்களுடைய வேலை குறைந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். கூடிவிட்டது. முன்பு விடையைத் தயாரித்துக்கொண்டு போனேன், இப்போது சிக்கலைத் தயாரிக்க வேண்டும். திடலின் அகலத்தைப் பிள்ளைகள் பயன்படுத்த வேண்டும் என்றால், விங்கிலிருந்து போடும் கோலுக்கு இரண்டு புள்ளி என்று விதியை மாற்றுகிறேன். பிவட்டைக் காண வேண்டும் என்றால், எறிவதற்கு முன் பந்து ஒரு தரமாவது பிவட்டின் கையில் பட்டிருக்க வேண்டும் என்கிறேன். முடிவில் வேகம் வேண்டும் என்றால், நடுவரைப்போலக் கையை உயர்த்தி நான்கு பாஸ் எண்ணுகிறேன். ஒவ்வொரு அணிக்கும் ஓர் ஆட்டத்தில் ஒரு நிமிட இடைநிறுத்தம் மூன்று இருக்கிறதல்லவா? அதில் முதல் நாற்பது செக்கன் பிள்ளைகளுக்கு. கடைசி இருபதுதான் எனக்கு. பல நாளில் எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை.

ஆனால் ஒரு பிழையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பந்தைக் கொடுத்துவிட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டு 'பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும்' என்பது கட்டுருவாக்கவாதம் அல்ல. அது கடமை தவறுதல். எல்லாவற்றையும் கண்டுபிடிக்க விடவும் முடியாது. எறியும்போது முழங்கை தோளுக்குக் கீழே தொங்கினால் பிள்ளையின் தோள் பழுதாகும். அதை முதல் நாளே தொட்டுத் திருத்துவேன். சீமெந்துத் தரையில் எப்படி இறங்குவது, காற்றில் பாய்ந்திருப்பவரை ஏன் தள்ளக் கூடாது, கோல் காப்பாளர் முகத்தை எப்படிக் காப்பது என்பவற்றில் கேள்வி பதில் கிடையாது, நேரடிக் கட்டளைதான். இரண்டு மணி வெயிலில் தண்ணீர் இடைவேளையும் அப்படித்தான். ஆபத்துள்ள இடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். இடமும் நேரமும் ஆளும் சம்பந்தப்பட்ட இடத்தில் கேட்க வேண்டும்.

பந்தின் அளவும் சிந்தனையோடு சம்பந்தப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 8 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு 1ஆம் இலக்கப் பந்து. அதன் சுற்றளவு 50 முதல் 52 சென்ரிமீற்றர், எடை 290 முதல் 330 கிராம். பெரிய பெண்களுக்குரிய 2ஆம் இலக்கம் 54 முதல் 56 சென்ரிமீற்றர். பல இடங்களில் தரம் 6 முதல் தரம் 13 வரை எல்லோருக்கும் ஒரே பந்து. சின்னக் கையால் பந்தைப் பிடிக்க முடியாத பிள்ளை பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தலை நிமிராது. தலை நிமிராத பிள்ளையிடம் தந்திரோபாயம் பற்றி என்ன பேசுவது? விளையாட்டுப் பொருள்களுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இதை வாசித்தால், அடுத்த தரம் சின்னப் பந்து நான்கையாவது சேர்த்து வாங்கித் தாருங்கள்.

"இன்னும் மூன்று கிழமையில் போட்டி, இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் தவணையில் எங்கள் ஆட்டம் குழம்பித்தான் போனது. வழக்கமாக வெல்லும் ஓர் அணியிடமும் தோற்றோம். ஆட்டத்தின்போது நான் கத்தாமல் நிற்பதைப் பார்த்த தாய் ஒருவர் டீச்சருக்கு அக்கறை குறைந்துவிட்டதா என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. எனவே போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது தொடங்காதீர்கள். தவணையின் முதல் நாளில் தொடங்குங்கள். நாற்பது நிமிடப் பாடத்தில் நாற்பத்தைந்து பிள்ளைகள், நான்கு பந்து என்பவர்களுக்கும் சொல்கிறேன்: வரிசைப் பயிற்சியிலும் அந்த நாற்பத்தைந்து பேரில் முப்பத்தேழு பேர் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மூன்றுக்கு இரண்டு ஆட்டத்தில் ஐவருக்கு ஒரு பந்து போதும். நான்கு குழு விளையாடும்போது மற்றவர்கள் கொப்பியோடு உட்கார்ந்து எழுதட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள்.

அந்தக் கொப்பி முக்கியம். 1998 இல் ஒஸ்லின், மிச்செல், கிரிஃபின் என்ற ஆய்வாளர்கள் ஆட்டத்தில் மாணவர் எடுக்கும் முடிவுகளை எண்ணிப் பார்க்கும் ஒரு கருவியை உருவாக்கினார்கள். பொருத்தமான முடிவு எத்தனை, பொருந்தாதது எத்தனை, கைத்திறன் எப்படி என்று தனித்தனியாகக் குறிப்பது அதன் அடிப்படை. நாங்கள் அதைச் சாதாரண சி.ஆர். கொப்பியில் மூன்று நிரலாக்கிக்கொண்டோம். 'முடிவு சரி, கையும் சரி.' 'முடிவு சரி, கை தவறியது.' 'வேறு வழி இருந்தது.' நடு நிரல்தான் பிள்ளைகளை மாற்றியது. தனியாக நின்றவளைக் கண்டு பந்தைக் கொடுத்து, அது கை நழுவிப் போனால் முன்பு நான் ஏசுவேன். இப்போது அவளுக்கு அது சரியான முடிவு என்று கொப்பியில் விழுகிறது. அடுத்த தரமும் அவள் பயமில்லாமல் கொடுப்பாள். கால் சுளுக்கி வெளியே இருக்கும் பிள்ளைதான் அந்தக் கொப்பியில் அதிகம் எழுதுகிறது, அதிகம் கற்றுக்கொள்வதும் அவள்தான்.

ஆசிரிய ஆலோசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சேவைக்காலப் பயிற்சிக்கு எங்களை மண்டபத்தில் உட்கார வைத்துத் திரையில் காட்டாதீர்கள். மைதானத்துக்குக் கூட்டிப்போய், பந்தைக் கையில் தந்து, மூன்றுக்கு இரண்டு விளையாட வையுங்கள். நாங்களும் பிழை விடுவோம், எங்களையும் நிறுத்திக் கேளுங்கள், "யாருமில்லாத இடம் எங்கே?" என்று. கேள்வியால் கற்காத ஆசிரியர் கேள்வியால் கற்பிக்க மாட்டார். மதிப்பீட்டுப் படிவங்களிலும் எத்தனை பாஸ், எத்தனை கோல் என்பதோடு முடிவெடுத்தலுக்கும் ஒரு பங்கு புள்ளி வையுங்கள். புள்ளி இருக்கும் இடத்துக்குத்தான் நாங்கள் நேரம் ஒதுக்குவோம் என்பது உங்களுக்கும் தெரியும்.

போட்டிகளை ஒழுங்கு செய்பவர்களுக்கும் ஒன்று. விலகல் முறைப் போட்டியில் முதல் ஆட்டத்தில் தோற்ற பிள்ளை காலை பத்து மணிக்குள் வீட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு வருடப் பயிற்சிக்கு ஒரே ஓர் ஆட்டம். விளையாடாமல் எப்படி யோசிக்கப் பழகும்? சிறுவர்களுக்கென்று மினி ஹேண்ட்போல் இருக்கிறது. நால்வரும் ஒரு காப்பாளரும், சின்னத் திடல், சின்னப் பந்து. தரம் 6 முதல் 8 வரையான பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு நாள், கிண்ணமும் விலகலும் இல்லாமல், எல்லா அணியும் எல்லா அணியோடும் பத்துப் பத்து நிமிடம் விளையாடும் ஒரு விழா வையுங்கள். அன்றைக்கு ஆசிரியர்கள் எல்லோரும் கோட்டிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், கத்தக் கூடாது என்று ஒரு விதியும் போடுங்கள். கொழும்பில் தமிழ், சிங்களப் பாடசாலைகள் ஒன்றாகச் செய்தால் இன்னும் நல்லது. ஹேண்ட்போலின் விதிகளை டென்மார்க்கில் முதலில் வகுத்தவர்களில் ஒருவரான ஹொல்கர் நீல்சனும் எங்களைப்போல ஒரு பாடசாலை ஆசிரியர்தான். தன் பிள்ளைகளுக்குத் தோதாகத்தான் அவரும் விதி செய்தார். எங்களுக்குத் தோதாக நாங்களும் ஒரு நாளைக்கு மாற்றி விளையாடலாம்.

அந்த இடது விங் பிள்ளை இந்த வருடம் தரம் 11. பரீட்சை இருப்பதால் கிழமையில் ஒரு நாள்தான் வருகிறாள். பழைய பழக்கம் முழுவதும் போகவில்லை. நெருக்கடியில் இன்னும் சில நேரம் கண் என் பக்கம் திரும்பும். அப்படித் திரும்பும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு திடலுக்குள்ளே பார்க்கிறேன். அவளும் அங்கே பார்ப்பாள்.

புதன்கிழமைகளில் பாடசாலை விட்டபின் இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை எங்கள் வலைப்பந்துத் திடலில் இந்தப் பயிற்சி நடக்கிறது. மழை வந்தால் மண்டபத்தின் முன் விறாந்தையில் இருந்து கொப்பியைப் பார்த்துப் பேசுவோம். வலயக் கூட்டத்தில் என்னைக் கண்டால் சொல்லுங்கள், ஒரு நாள் வந்து பாருங்கள். பிழை தெரிந்தால் பிள்ளைகளின் முன்னாலேயே கேளுங்கள், அவர்களே பதில் சொல்வார்கள். சின்னப் பந்து எங்களிடம் ஆறுதான் இருக்கிறது, இரண்டு கூடக் கொண்டுவந்தால் உங்கள் பிள்ளைகளையும் சேர்த்து விளையாட விடலாம்.

அன்புடன்,
ஓர் உடற்கல்வி ஆசிரியை
கொழும்பு